காஞ்சிபுரத்தில் தூங்காத போன்

செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கியபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. திருச்சியில் ஏறும்போது நூறு சதவீதம் காட்டிய என் போன், நடைமேடையில் எடுத்துப் பார்த்தால் ஐம்பத்தாறில் நின்றது. வழியில் அதை நான் தொடவே இல்லை. தலைமாட்டில் பைக்குள் கிடந்தது. இருந்தும் கையில் எடுத்ததும் காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டதுபோல வெதுவெதுப்பாக இருந்தது.

போன் பேட்டரி சீக்கிரம் தீர்வது யாருக்கும் எரிச்சலான விஷயம்தான். எனக்கு அது எரிச்சலோடு முடிவதில்லை. நான் திருச்சியில் ஒரு பள்ளியில் பல வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். மூன்று வருடங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது என் காதுகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வலது காதில் ஒன்றுமே கேட்காது. இடது காதில் எந்நேரமும் தூரத்து அருவி மாதிரி ஓர் இரைச்சல். அதற்கு மேல் எதுவும் இல்லை. காதுக்கருவி வைத்துப் பார்த்தோம், அருவி பெரிதானதுதான் மிச்சம். அப்புறம்தான் போன் வந்தது. எதிரில் இருப்பவர் பேசப் பேச அதைத் தமிழ் எழுத்தாகத் திரையில் காட்டும் ஒரு செயலி. போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டால் மனிதர்கள் எனக்கு வரி வரியாக ஓடுவார்கள். போன் அணைந்தால் வாயை மட்டும் அசைப்பார்கள்.

பவர் பேங்க் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. சார்ஜ் ஏறும்போதே அந்தச் செயலியும் ஓடினால் போன் தோசைக்கல்லாகக் கொதித்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எல்லாவற்றையும் மூடிவிடும்.

நான் போய்க்கொண்டிருந்தது காஞ்சிபுரத்துக்கு. மறுநாள் காலை, ஊரை ஒட்டிய ஏனாத்தூரில் ஒரு கல்வி நிறுவனத்தில் எனக்கு நேர்காணல். பழைய கணக்குச் சுவடிகளைப் படித்துப் படியெடுக்கும் வேலை, ஆறு மாதம். கணக்கு தெரிய வேண்டும், பழைய தமிழ்ப் பின்னங்கள் தெரிய வேண்டும், ஆளில்லாத அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கவும் தெரிய வேண்டும். மூன்றாவது தகுதியில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் இதற்கு முன் திருச்சியிலேயே ஒரு நேர்காணலுக்குப் போய், பாதியில் போன் உயிரை விட்டது. கேள்விகளைத் தாளில் எழுதிக் காட்டினார்கள். முதல் கேள்வி முழு வாக்கியமாக இருந்தது. கடைசிக் கேள்வி ஒரே ஒரு சொல். அதற்குமேல் எழுத அலுத்துப்போய், போகலாம் என்று கையைக் காட்டினார்கள்.

காது போன பிறகு நான் தனியாகச் செய்யும் முதல் வெளியூர்ப் பயணமும் இதுதான். என் கணவர் குமரேசன் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறார். லீவு போட்டுக்கொண்டு கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். ரயிலடியில் என்னை ஏற்றிவிட்டு, வண்டி நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காலை பாசஞ்சரில் எதிர்ப்பக்கம் ஒரு அம்மாள், மடியில் வாழையிலைக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். போனை நீட்டினேன். 'எந்த ஊருமா, கல்யாணத்துக்குப் போறியா, புடவை எடுக்கவா' என்று வந்தது. "வேலைக்காகம்மா, நாளைக்கு இன்டர்வியூ" என்றேன். அவர் முகம் மலர்ந்து நீளமாக ஏதோ சொல்லத் தொடங்கினார். மூலையில் ஐம்பத்திரண்டு என்று எண் மாறியது. மனசில்லாமல் போனை அணைத்துப் பைக்குள் வைத்தேன். அவர் நிறுத்தவில்லை. எனக்குக் கேட்கிறது என்றே நம்பி வாலாஜாபாத் வரை பேசிக்கொண்டு வந்தார். நான் அவர் கண்கள் சிரித்தபோது சிரித்தேன்.

அவருக்குப் பின்னால் பாலாறு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொஞ்சம், மணல் அதிகம். இரண்டின் மேலும் ஒரே பனி. அந்தப் பனிக்குள் ஒரு கொக்கு காலைத் தூக்கி வைத்து நடந்தது. சத்தமில்லாத ரயில் ஜன்னல் வேறு மாதிரி இருக்கும். வண்டி நிற்பதாகவும் நிலம்தான் நம்மைக் கடந்து எங்கோ போவதாகவும் இருக்கும். தண்டவாளத்தின் அதிர்வு மட்டும் முதுகுத்தண்டில் ஏறி, தூங்கு தூங்கு என்று தட்டிக்கொடுக்கும்.

எட்டு மணிக்குக் காஞ்சிபுரம். என் கல்லூரித் தோழி தேவகி ரயிலடிக்கே வந்திருந்தாள். பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீட்டில் பிறந்து, கணிதம் படித்து, அதே தெருவில் இன்னொரு தறி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். வீட்டில் நெய்யும் புடவைகளைப் போனிலேயே படம் காட்டி விற்கிறாள். அமெரிக்கா வரை போகிறது. கட்டிப் பிடித்துக்கொண்டு எதையோ கத்தினாள். போனைப் பார்த்தேன்: 'வா மல்லி அம்மா நேரமா பாத்து கிணறு இருக்கேன்.'

"என்ன கிணறு?" என்றேன்.

தேவகி திரையை எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். 'எம்மா நேரமா பாத்துக்கினு இருக்கேன்' என்று அவள் சொன்னதை, அந்த ஊர்ப் பேச்சுக்குப் பழகாத செயலி கிணறாக்கிவிட்டது. அதற்கப்புறம் இரண்டு நாளும் காஞ்சிபுரம் எனக்குக் கிணறுகள் நிறைந்த ஊராகவே இருந்தது. வந்து கிணறு, போய் கிணறு, சாப்பிட்டு கிணறு. பிள்ளையார்பாளையத்துத் தெருவில் நுழைந்தபோது, வீதியின் நீளத்துக்கு மஞ்சள் பட்டு நூலை இழுத்துக் கட்டி நாலைந்து பேர் இழை பிரித்துக்கொண்டிருந்தார்கள். காலை வெயில் அதன்மேல் விழுந்து, தெரு நடுவில் ஒரு வெளிச்சக் கால்வாய் ஓடுவதுபோல் இருந்தது. தேவகி ஏதோ எச்சரித்தாள். திரையில்: 'பாவம் போட்டு கிணறு இருக்காங்க ஓரமா வா.' பாவு என்று அவள் சொல்லியிருப்பாள், தறியில் ஏற்றப்போகும் நீள நூல். நான் பாவத்தை ஒட்டி ஓரமாக நடந்தேன்.

வீட்டுக்குள் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெண்டுத் தரையில் கால் வைத்தேன். தரை பேசியது. உள்ளறையில் தேவகியின் கணவர் தறியில் உட்கார்ந்திருந்தார். மிதிக்கும்போதும் பலகையை இழுத்து அடிக்கும்போதும் எழும் அதிர்வு, தரை வழியாக என் உள்ளங்காலுக்கு வந்தது. இரண்டு அடி, ஒரு சின்ன நிறுத்தம், மறுபடி இரண்டு அடி. இட்லி சாப்பிடும்போதும் காலைத் தரையிலிருந்து எடுக்க மனம் வரவில்லை.

"போனுக்கு இன்னா ஆச்சு? ஏன் அதையே பாத்துக்கினு இருக்குறே?" என்று தேவகி கேட்டாள். இப்படித்தான் கேட்டிருப்பாள் என்று கிணறுகளைத் தள்ளிவிட்டு நானே புரிந்துகொண்டேன்.

சொன்னேன். வெளிச்சத்தைக் குறைத்தது, திரையைக் கறுப்பாக்கியது, வேண்டாத செயலிகளை அழித்தது, இரண்டாவது சிம்மைக் கழற்றியது, எல்லாம் சொன்னேன்.

"லொக்கேஷனை ஆஃப் பண்ணியா?"

"அதை மட்டும் பண்ண முடியாது. நான் எங்கே இருக்கேன்னு அவருக்குத் தெரியணும். குடும்பச் செயலி ஒண்ணு போட்டுக் கொடுத்திருக்கார். மேப்புல ஒரு புள்ளியா நான் நகர்றதைப் பாத்தாத்தான் அவருக்கு வேலை ஓடும்."

தேவகி ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, "அப்போ பேட்டரிதான். நம்ம நஸ்ரீன் கடைக்குப் போ" என்று வழி சொன்னாள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்தக் கடை. ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். நஸ்ரீனுக்கு முப்பது வயதிருக்கும். முக்காட்டை இழுத்துக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் ஒரு போனின் வயிற்றைத் திறந்துவைத்திருந்தாள். என் பிரச்சினையைச் சொன்னதும் உறுதியாகச் சொல்லிவிட்டாள்: "பேட்டரி உப்பிக்கினு இருக்கும்கா."

திறந்து பார்த்தால் உப்பவில்லை. இருந்தாலும் மூன்று வருடப் பழசு, மாற்றிவிடுவதே நல்லது என்றாள். ஆயிரத்து நானூறு ரூபாய். நாளை காலை நேர்காணல் என்று சொன்னபோது கையிலிருந்த வேலையைத் தள்ளி வைத்துவிட்டு உடனே மாற்றிக் கொடுத்தாள். பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டு, எதிரே தொங்கிய மாலைகளை எண்ணிக்கொண்டு காத்திருந்தேன். நூறு ஏறியதும் வாங்கிக்கொண்டு கைலாசநாதர் கோயிலுக்குக் கிளம்பினேன். ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார், கொடுத்தேன். சந்தோஷமாக இருந்தேன்.

ஊர் முடியும் இடத்தில், புல்வெளிக்கு நடுவே அந்தக் கோயில் நிற்கிறது. மணல்கல். நூற்றாண்டுகளின் மழை ஒவ்வொரு சிங்கத்தின் முகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. எந்தச் சிங்கமும் கர்ஜிக்கவில்லை. எல்லாம் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு, சொல்ல வந்ததை மறந்தவைபோல நின்றன. உட்சுற்றில் மதிலை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம், அவ்வளவே. சிலவற்றின் சுவரில் பழைய வண்ணம் ஒட்டிக்கொண்டிருந்தது: ஒரு கண், ஒரு கன்னத்தின் சிவப்பு. அந்த நேரத்தில் சுற்றுலாக்காரர்கள் யாரும் இல்லை. ஒரு குருக்கள் உள்ளே போனார். கருவறைப் பக்கம் மணியின் நாக்கு ஆடுவதைப் பார்த்தேன். புறாக்கள் ஒரே சமயத்தில் எழும்பியதை வைத்து மணி அடித்ததைத் தெரிந்துகொண்டேன்.

ஓர் அறையின் விளிம்பில் உட்கார்ந்து போனை எடுத்தேன். அறுபத்தெட்டு. கடையை விட்டுக் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்குமா?

பேசுவதற்கு அங்கே யாருமில்லை. ஒரு சொட்டாவது மிச்சமாகட்டும் என்று எழுத்துச் செயலியை மொத்தமாக மூடினேன். திரையில் கறுப்புப் பின்னணி மட்டும் மிஞ்சியது. அந்தச் சின்ன அறையின் நிழலில்தான் அதைப் பார்த்தேன். திரையின் மேல் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி.

மைக் வேலை செய்தால் அந்தப் புள்ளி எரியும். இது எனக்குத் தெரியும். எப்போதும் என் செயலி ஓடுவதால் எப்போதும் எரியும். பார்த்துப் பார்த்துப் பழகி, அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். இப்போது செயலியை மூடியாயிற்று. புள்ளி போகவில்லை. பிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்தவள் நான். இருந்த ஒன்றை எடுத்துவிட்டேன். மிச்சம் பூஜ்யம் வரவில்லை. அப்படியானால் முதலிலேயே ஒன்றுக்கு மேல் இருந்திருக்கிறது.

புள்ளியைத் தொட்டேன். மைக்கை யார் பயன்படுத்துவது என்று பெயர் வந்தது. குமரேசன் போட்டுக்கொடுத்த குடும்பச் செயலி.

புல்வெளியில் ஒரு அணில் ஓடி நின்று, ஓடி நின்றது. மேப்பில் புள்ளி காட்டும் செயலிக்குக் காது எதற்கு?

மறுபடி நஸ்ரீன் கடை. மதிய வெயில், கவுண்டரில் நாலு பேர். போனை வாங்கி, செயலியின் அமைப்புகளுக்குள் போய்ப் போய்ப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் விரல் மெதுவானது. என்னிடம் வாய் திறந்து பேசவில்லை. தன் போனை எடுத்து டைப் செய்து, மற்றவர்கள் பார்க்காதபடி என் பக்கம் திருப்பினாள்.

'அக்கா, உங்களைச் சுத்தி கேக்கற சத்தத்தை எல்லாம் இது வேற ஒரு போனுக்கு அனுப்பிக்கினே இருக்குது. உங்களுக்குத் தெரியுமா?'

தலையாட்டினேன், தெரியாது என்று. அவள் என் போனை ஒரு மீட்டரில் மாட்டினாள். திரை அணைந்திருக்கும்போதும் முள் இறங்காமல் துடித்துக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, மறுபடி டைப் செய்தாள்: 'பேட்டரி மேல தப்பே இல்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன். போன் தூங்கவே இல்லக்கா.' செயலியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அழிக்கட்டுமா என்று கண்ணால் கேட்டாள்.

"வேணாம்மா, அப்படியே இருக்கட்டும். நான் அவர்கிட்ட பேசணும்."

பழைய பேட்டரியையே போட்டுப் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றாள். புதுசே இருக்கட்டும் என்றேன். கிளம்பும்போது கவுண்டரைச் சுற்றி வந்து என் கையை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள்.

தேவகி வீட்டு மொட்டை மாடியில் சாயம் போட்ட நூல் கொத்துகள் மூங்கிலில் தொங்கின. கிளிப்பச்சை, மாம்பழம், அரக்கு. அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து குமரேசனை வீடியோவில் அழைத்தேன். உலகத்தில் ஒரே ஒரு வாயை மட்டும் எந்தச் செயலியும் இல்லாமல் என்னால் படிக்க முடியும். கல்யாணமான நாளிலிருந்து பார்த்து வரும் உதடுகள் அவை.

"எப்பலேர்ந்து கேக்கறீங்க?" என்றேன்.

அவர் முகம் மாறியது. எதை என்று கேட்டு நடிக்கவில்லை. அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். அச்சகத்திலிருந்து வெளியே வந்து, ஒரு வேப்பமரத்தடியில் நின்றார்.

"அந்த லாரிக்கு அப்புறம்."

போன வருடம் திருச்சி பாலக்கரையில், பின்னால் வந்த லாரியின் ஹாரன் எனக்குக் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார். வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை என்பது இப்போது ஞாபகம் வந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேணாம்னு சொல்லுவே."

"அப்போ வேணாம்னு தெரிஞ்சேதான் பண்ணீங்க."

அவர் வேப்பமரத்துப் பட்டையை நகத்தால் கீறினார்.

"நான் பேசறதையெல்லாமுமா கேட்டீங்க?"

"ரோட்டுச் சத்தத்துக்காகத்தான் வெச்சேன் மல்லி. ஒரு காதுல மாட்டிக்குவேன். ஹாரன் கேட்டா உனக்கு மெசேஜ் அனுப்பணும்னு… அதுக்குள்ள என்ன ஆகும், எனக்கே தெரியும். ஆனா பேச்சும் கேட்டிருக்கேன். இல்லன்னு சொல்ல மாட்டேன்." மரத்தில் சாய்ந்துகொண்டார். "நீ தனியா இருக்கும்போது பாடறே. உனக்குத் தெரியுமா?"

தெரியாது. காது போன பிறகு நான் பாடுவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அழைப்பைத் துண்டித்தேன். என் உடம்பெல்லாம் கோபமாக இருந்தது. என்னைப் பார்ப்பதற்குச் சம்மதித்தேன், கேட்பதற்குச் சம்மதிக்கவில்லை. எனக்கே கிடைக்காத என் குரல் ஒரு வருடமாக இன்னொருவர் காதுக்குள் இருந்திருக்கிறது. நூல் கொத்துகள் காற்றில் அசைந்தன. அரக்கு நிறம் என் மடியில் விழுந்து விலகியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் தெரியாது. கீழே தறி நிற்கவில்லை. மாடித் தரையிலும் மெலிதாக, இரண்டு அடி, ஒரு நிறுத்தம்.

மறுபடி அழைத்தேன். அவர் அதே மரத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னிக்கு என்னவெல்லாம் கேட்டீங்க?"

"வேணாம் மல்லி."

"சொல்லுங்க. எனக்குத் தெரியணும். என்னோட நாள்தானே?"

அவர் மெதுவாக, நான் படிக்கும்படி வாயைத் திறந்து திறந்து சொன்னார். "காலைல ரயில்ல ஒரு அம்மா உன்கிட்ட பேசிக்கிட்டே வந்தாங்க. தன் பொண்ணும் டீச்சர்னு சொன்னாங்க. உனக்கு வேலை கிடைக்கணும்னு வரதராஜப் பெருமாளை வேண்டிக்கறேன்னாங்க. நீ பதிலே சொல்லல, அவங்க அதைப் பத்திக் கவலைப்படல. அப்புறம் ஒரு தெரு. சைக்கிள் மணி, கோழி. அப்புறம் தறி. டக் டக், கொஞ்சம் நிறுத்தி, டக் டக். அது ரொம்ப நேரம் கேட்டுச்சு. கோயில்ல முதல்ல ஒண்ணுமே இல்ல. நீ மூச்சு விடறது மட்டும். அப்புறம் மணி. மணிக்கு அப்புறம் புறா. ஒரு நூறு புறா இருக்கும், போர்வையை உதறின மாதிரி."

நான் அழுதுகொண்டிருந்தேன். ரயில் அம்மாள் வேண்டிக்கொண்டது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். தறியின் அந்தச் சின்ன நிறுத்தத்தை நான் காலில் வாங்கிய நேரத்தில், இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் மை வாசனைக்கு நடுவில் அவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதை நினைத்தால் நெஞ்சு இளகியது. இளகினாலும் கோபம் கோபமாகவே இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் இருக்க முடியும் என்று அந்த மாடியில்தான் தெரிந்துகொண்டேன்.

"இதை எடுத்துடறேன்" என்றேன். "இது இருந்தா எனக்கு நாளைக்குப் போன் தாங்காது. போன் தாங்கினாலும் எடுத்துடுவேன். மேப்புல இருக்கற புள்ளியையும் சேர்த்து."

"புள்ளியுமா?"

"ஆமா. எங்க இருக்கேன்னு நானே சொல்றேன்."

"ரோட்டுல…"

"பாத்துப் போறேன். திரும்பித் திரும்பிப் பாத்துப் போறேன். நீங்க அங்க கேக்கறதால லாரி இங்க நிக்காது."

அவர் ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து, திரைக்கு முன் நீட்டிக் காட்டினார். அந்த நேரத்திலும் மாட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவர் பார்க்கும்போதே செயலியை அழித்தேன். வீடியோவை முடித்ததும் பச்சைப் புள்ளி அணைந்தது.

மாலையில் தேவகியோடு ராஜ வீதிகளில் நடந்தேன். விளக்கு வைக்கும் நேரம். பட்டுக் கடைகளின் வெளிச்சம் தண்ணீர் தெளித்த தெருவில் விழுந்து, நாங்கள் புடவைகளின் மேல் நடப்பதுபோல் இருந்தது. தேவகியிடம் மதியம் நடந்ததைச் சொன்னேன். "எங்க ஆளுக்கு நான் கூப்ட்டாலே காது கேக்காது" என்றாள். இந்த முறை செயலி ஒரு எழுத்துகூடப் பிசகாமல் காட்டியது. இருவரும் தெருவிலேயே நின்று சிரித்தோம். சாப்பிடும் நேரத்தில் போனைக் கொஞ்சம் சார்ஜில் போட்டேன், படுக்கும்போது எழுபத்தெட்டு. தலைமாட்டில் வைத்தேன், குளிர்ந்திருந்தது. காலையில் கண் விழித்ததும் பார்த்தேன். எழுபத்தேழு. போன் இரவெல்லாம் தூங்கியிருக்கிறது.

மறுநாள் ஏனாத்தூருக்கு டவுன் பஸ். ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நெல் அறுத்த வயல்களின் நடுவே திடீரென்று மாணவர் கூட்டமும் கட்டடங்களும் வந்தன. நேர்காணல் அறையில் இரண்டு பேர். துறைத் தலைவர் ஒரு பெண்மணி. சுவடித் துறையில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பெரியவருக்கு அடர்ந்த மீசை, உதட்டை மறைத்திருந்தது. போனை மேஜை நடுவில் வைத்து, நிலைமையைச் சொன்னேன்.

பெரியவர் கேட்டது திரையில் இப்படி வந்தது: 'மாகாணம் முந்திரி ரெண்டையும் கூட்டுனா எவ்வளவு.'

மாகாணி என்பது பதினாறில் ஒன்று. முந்திரி, முந்நூற்றிருபதில் ஒன்று. "முந்நூற்றிருபதில் இருபத்தொன்று" என்றேன். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினேன். தன் மாகாணி மாகாணமாகியிருப்பதைப் பார்த்து அவர் மீசை துடித்தது. அதற்குப் பிறகு அவர் வேண்டுமென்றே பின்னங்களாகக் கேட்டார், செயலி என்ன செய்கிறதென்று பார்ப்பதற்காக. நான் சரியாகச் சொன்னேன், செயலி தப்பாகவே எழுதியது.

துறைத் தலைவர் கடைசியாகக் கேட்டார். 'ஆறு மாசம் குடும்பத்தை விட்டு தனியா இருந்துடுவீங்களா?'

"நேத்து மத்தியானத்துலேர்ந்து இருந்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன். அவர் அதைப் புரிந்துகொண்டாரோ இல்லையோ, சிரித்தார்.

கேள்விகள் முடிந்தும் போனில் ஐம்பத்தெட்டு இருந்தது. டீ வரவழைத்தார்கள். நான் எழுந்து போகவில்லை. பெரியவர் தன் ஊரான கூரத்தைப் பற்றிச் சொன்னார், துறைத் தலைவர் கேன்டீன் வடையைத் திட்டினார். ஒன்றுக்கும் உதவாத பேச்சு. மூன்று வருடமாகப் பேட்டரிக்குப் பயந்து நான் வேலைப் பேச்சை மட்டுமே படித்திருந்தேன். வடையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. தலைமுதல் கால்வரை வெயிலில் நிற்பதுபோல் இருந்தது. அந்த வேலை எனக்குக் கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையைக் காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அன்றைக்குத் தேவகி கட்டிக்கொடுத்த காஞ்சிபுரம் இட்லியோடு மதியமே கிளம்பினேன். செங்கல்பட்டில் திருச்சிப் பக்கம் போகும் ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில் ஜன்னலோர இடம் கிடைத்தது. குமரேசனுக்கு ஒரே ஒரு மெசேஜ்: 'ஏறிட்டேன், ஆறே முக்காலுக்கு வரும்.' விழுப்புரம் தாண்டி வெயில் சாய்ந்தது. கரும்பு, சோளம், கரும்பு. என் பெட்டியில் எல்லாரும் ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள். போனில் சார்ஜ் இருந்தது. வேண்டுமானால் திறந்து படிக்கலாம் என்பதே போதுமானதாக இருந்தது.

கொள்ளிடம் பாலம் தாண்டி, மலைக்கோட்டையில் விளக்குகள் ஏறிக்கொண்டிருந்தபோது ரயில் மெதுவானது. எங்கள் ஊர் காஞ்சிபுரத்தைவிட அகலமானது, அவசரமானது. ஆற்றுக் காற்று முகத்தில் பட்டால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். நடைமேடைக் கூட்டத்தில் குமரேசனைப் பார்த்தேன். நான் எங்கே போனாலும் மேப்பில் என் புள்ளியைப் பார்த்து அங்கே சரியாக வந்து நிற்பவர், இன்றைக்கு எந்தப் பெட்டி என்று தெரியாமல், நகரும் வண்டியோடு கூடவே நடந்து, ஒவ்வொரு ஜன்னலாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். சட்டையில் அச்சு மையின் கறை. கையில் போன் இல்லை. என் ஜன்னலுக்கு இன்னும் நாலு ஜன்னல் இருந்தது.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஒருவர் என்னைத் தேடும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று, அவர் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.